கணக்கில் புரியாமல் கழியும் பணம்: எந்த வழியாகப் போகிறது, எங்கே போய் நிறுத்துவது

ஆப்பை அழித்துவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். போகாது. டெபிட் கார்டை பிளாக் செய்தாலும் பல நேரம் நிற்காது. இன்னும் சிலர் கணக்கில் இருக்கும் பணத்தை எல்லாம் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, "இப்ப எப்படி எடுப்பான்?" என்று உட்கார்ந்திருப்பார்கள். எடுக்க வந்தவன் வெறுங்கையோடு திரும்பியதற்கு வங்கி தனியாக ஒரு தொகை போட்டுவிடும். அடுத்த சம்பளம் விழுந்ததும் அதுவும் சேர்ந்து கழியும்.

இந்தியாவில் ஒரு சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போக வேண்டுமென்றால், எங்கோ ஓரிடத்தில் நம் பெயரில் ஒரு சம்மதம் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு இருக்கும் இடத்தில்தான் அதை ரத்து செய்ய முடியும். ஆகவே முதல் வேலை சண்டை போடுவது இல்லை, பணம் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிப்பது.

அதற்குப் பாஸ்புக் போதாது. அச்சிடும்போது குறிப்பைப் பாதியில் வெட்டிவிடும். நெட் பேங்கிங்கிலோ வங்கியின் ஆப்பிலோ போய் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். மூன்று மாதம் மட்டும் பார்த்தால் வருடத்துக்கு ஒருமுறை போகிறவை கண்ணில் படாது. பெரும்பாலும் நம்மை ஏமாற்றுபவை அவைதான். எக்செல் வடிவில் கிடைத்தால் தேதிப்படி பார்க்காமல் தொகைப்படி அடுக்குங்கள். ஒரே தொகை மூன்று முறை, நான்கு முறை வரிசையாக வந்து நிற்கும்போது சந்தா எது என்று தானே தெரிந்துவிடும்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. சந்தேகமான தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை முழு எண்ணாக வந்தால் அது பெரும்பாலும் வங்கியே எடுத்த கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டியோடு. 17.70 என்றால் 15 ரூபாய், பெரும்பாலும் காலாண்டு எஸ்எம்எஸ் கட்டணம். 236 என்றால் 200 ரூபாய். ஸ்டேட் பாங்க் 2024 ஏப்ரல் முதல் சாதாரண டெபிட் கார்டுக்கு எடுக்கும் ஆண்டுக் கட்டணம் இதுதான். 27.14 என்றால் 23 ரூபாய், இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏடிஎம்மில் எடுத்ததற்கு. 295, 590 என்றால் 250-ம் 500-ம்; இவை பெரும்பாலும் ஏதோ ஒரு தவணை பணமில்லாமல் திரும்பியதற்கான அபராதம். இந்த வகுத்தலுக்கு மசியாத 299, 199, 149 எல்லாம் வெளியாட்கள். அவர்களும் ஜிஎஸ்டி கட்டுகிறார்கள், ஆனால் வரியையும் உள்ளடக்கி விலை வைக்கிறார்கள்.

வங்கிக் கட்டணத்தில் சண்டைக்கு இடமுள்ளவை சில உண்டு. எஸ்எம்எஸ்ஸுக்கு உண்மையில் அனுப்பிய அளவுக்குத்தான் கட்டணம் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் நான்கு பரிவர்த்தனை மட்டுமே நடந்த கணக்கில் முழுக் கட்டணம் எடுத்திருந்தால் கேட்கலாம். மினிமம் பேலன்ஸ் அபராதத்துக்கு 2015 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது: குறைந்ததும் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் கொடுத்து, எவ்வளவு குறைந்ததோ அதற்குத் தக்கபடிதான் போட வேண்டும். அபராதம் போட்டுப் போட்டே கணக்கை மைனஸில் தள்ளவும் கூடாது. இயங்காத கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதமே போடக் கூடாது என்பது 2024 ஏப்ரலிலிருந்து வந்தது. டெபிட் கார்டைத் தொடுவதே இல்லை என்றால் ஆண்டுக் கட்டணத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, எழுதிக் கொடுத்து கார்டையே திருப்பிக் கொடுப்பது சுலபம். எழுதிக் கொடுக்காமல் பெட்டியில் போட்டு வைத்த கார்டுக்குக் கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது வகை, நம் ஊர் வங்கிக் கிளைகளில் வெகு சகஜம். 20 ரூபாய், 436 ரூபாய். முதலாவது பிரதமரின் சுரக்ஷா பீமா, விபத்துக் காப்பீடு. இரண்டாவது ஜீவன் ஜோதி பீமா, ஆயுள் காப்பீடு. இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை ஓடுபவை. பிரீமியம் மே கடைசி வாரத்தில் தானாகக் கழியும். இவை மோசமான திட்டங்கள் இல்லை. 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு வேறெங்கும் கிடைக்காது. தகுதியுள்ளவர்கள் வைத்துக்கொள்வதே நல்லது. சிக்கல் வேறு இடத்தில். கணக்குத் திறக்கும்போது நீட்டிய பத்துக் கையெழுத்தில் ஒன்றாக இது போயிருக்கும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் இரண்டிலும் பிடிப்பார்கள், ஆனால் ஒருவருக்கு ஒரே ஒரு கவர்தான், கிடைப்பது 2 லட்சம்தான். இரண்டாவது பிரீமியம் வீண். நாமினி பெயர் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே ரத்து செய்வதற்கு முன் யோசியுங்கள்: ஒரு கணக்கில் வைத்துக்கொண்டு, நாமினியைச் சரிபார்த்து, மற்றதை மே முதல் வாரத்துக்குள் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். ஜூனில் போய் நின்றால் அந்த வருடப் பணம் போனதுதான்.

அடல் பென்ஷன் என்ற அரசு ஓய்வூதியத் திட்டம் இதைவிடக் கனமான விஷயம், ஏனென்றால் மாதாமாதம் போகும். கேட்காமலே சேர்த்துவிட்டார்கள் என்ற புகார் இதில்தான் நிறைய. கிளைகளுக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு இருப்பதை யாரும் மறைப்பதில்லை. விலகலாம், கிளையில் விருப்ப விலகல் படிவம் கொடுக்க வேண்டும். கட்டிய தொகையும் அதன்மேல் சேர்ந்த வருமானமும் பராமரிப்புக் கட்டணம் போகத் திரும்ப வரும், அரசு போட்ட பங்கு ஏதாவது இருந்தால் அது வராது. வெறுமனே கணக்கில் பணம் வைக்காமல் விட்டால் தாமதக் கட்டணம் சேரும். வருமான வரி கட்டுகிறவர்கள் 2022 அக்டோபர் 1 முதல் இதில் சேரவே முடியாது. அதற்குப் பிறகு உங்களைச் சேர்த்திருந்தால், உங்கள் கடிதத்தில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.

இந்த வகைப் பிடித்தங்களுக்கு, 100, 500, 1000 ரூபாய் என்று போகும் குழு விபத்துக் காப்பீடுகளுக்கும் சேர்த்து, கிளையில் வாயால் கேட்டால் "அது சிஸ்டம் எடுத்ததுங்க" என்பார்கள். எழுத்தில் இப்படிக் கேளுங்கள்:

"என் சேமிப்புக் கணக்கில் இன்ன தேதியில் ரூ. இவ்வளவு, இன்ன குறிப்புடன் கழிக்கப்பட்டுள்ளது. இதற்கு நான் சம்மதம் அளித்ததாகப் பதிவு இருந்தால், நான் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையோ, மின்னணுச் சம்மதத்தின் தேதி, நேர விவரத்தையோ தரவும். இல்லையெனில் தொகையைத் திரும்ப வரவு வைத்து, இனிப் பிடிக்காதபடி ரத்து செய்து, அதை எழுத்தில் தெரிவிக்கவும்."

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தின் பலமே "படிவத்தின் நகல்" என்ற இரண்டு சொல்தான். நகல் இல்லாத இடத்தில் பணம் அநேகமாகத் திரும்பிவிடும்.

இனி ஆப்கள். இங்கேதான் இன்று அதிகம் போகிறது, இங்கேதான் மறைத்து வைக்கும் வித்தையும் அதிகம். குட்டித் தொடர் ஆப், ஜாதக ஆப், ஆங்கிலம் கற்றுத்தரும் ஆப், எதுவானாலும் திரை ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவில் பெரிய எழுத்தில் "1 ரூபாய்க்கு 7 நாள்". அதன் கீழே வெளிறிய எழுத்தில் "அதன்பின் மாதம் ரூ. 299, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்". பட்டனை அழுத்தியதும் உங்கள் யுபிஐ ஆப் திறந்து, ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் கழிவதற்கான அனுமதிப் பக்கம் வரும். அங்கே நான்கு விவரம் இருக்கும்: தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது. தொகைக்கு முன்னால் "அதிகபட்சம்" என்றோ "வரை" என்றோ இருந்தால், அது சந்தா விலை அல்ல, அவர்கள் எடுக்கக்கூடிய உச்சம். முடிவுத் தேதி பல வருடம் தள்ளி இருக்கும். நீங்கள் போடும் பின் அந்த ஒரு ரூபாய்க்கு மட்டும் போட்டதில்லை, இந்த நான்கு வரிக்கும் சேர்த்துப் போட்டது. அதன்பிறகு 15,000 ரூபாய் வரையிலான ஒவ்வொரு தவணையும் பின் கேட்காமலே போகலாம், விதி அப்படி. காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கும் அந்த வரம்பு 1 லட்சம்.

பணம் கழிவதற்கு 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதிதான். வரத்தான் செய்கிறது. கடன் விளம்பரங்களுக்கும் ஓடிபிகளுக்கும் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ். வங்கி அனுப்பும் செய்தியில் மாண்டேட் (பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி), ஆட்டோபே என்ற சொல் இருந்தால் அன்றைக்கே திறந்து படியுங்கள். நிறுத்த வேண்டியதைக் கழியும் நாள் வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ரத்து செய்ய: போன்பே, கூகுள் பே இரண்டிலும் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் ஆட்டோபே இருக்கும். பேடிஎம்மில் யுபிஐ அமைப்புகளுக்குள் தானியங்கிக் கட்டணம் என்ற பகுதியில். நடப்பில் உள்ளவை, நிறுத்தி வைத்தவை, முடிந்தவை என்று பிரித்துக் காட்டும். வேண்டாததைத் திறந்து ரத்து கொடுத்தால் யுபிஐ பின் கேட்கும். இந்த ஒரு இடத்தில் பின் கேட்பது நியாயம்தான், பயப்பட வேண்டாம். ரத்தானதும் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாண்டேட் எண் அதில் தெரிய வேண்டும். தற்காலிகமாக நிறுத்தி வைப்பதும் ரத்தும் ஒன்றல்ல. நிறுத்தி வைத்தது கெடு முடிந்ததும் தானே உயிர்பெறும்.

சரி, பட்டியலில் இல்லையே என்றால்? பெரும்பாலும் வேறு யுபிஐ ஆப்பில் அனுமதி கொடுத்திருப்பீர்கள். ஒரே வங்கிக் கணக்கு மூன்று ஆப்பில் இணைந்திருந்தால் மூன்றையும் திறந்து பார்க்க வேண்டியிருந்த காலம் உண்டு. எந்த ஆப்பில் கொடுத்த மாண்டேட்டையும் ஒரே ஆப்பில் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ 2025-இல் உத்தரவிட்டது. என்பிசிஐயே நடத்தும் யுபிஐ ஹெல்ப் தளத்திலும் மொபைல் எண்ணை வைத்துப் பார்க்கலாம். பழைய ஆப்பை அழித்திருந்தாலும் அதில் கொடுத்த மாண்டேட் அழிவதில்லை. கணக்கோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

ஆட்டோபே பட்டியலில் "கூகுள் பிளே" என்று மட்டும் இருந்தால் அதை அங்கே ரத்து செய்து பாதி வேலையோடு நிற்காதீர்கள். எந்த ஆப்புக்கான பணம் என்று யுபிஐ பக்கம் காட்டாது. மேலும் பிளே ஸ்டோரில் மாற்றுக் கட்டண முறையாக ஒரு கார்டு இருந்தால், மாண்டேட் போனதும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும், அதற்குள் சந்தாக்கள் என்று போய் அங்கே ரத்து செய்யுங்கள். போனில் இரண்டு ஜிமெயில் இருந்தால் இரண்டிலும் பார்க்க வேண்டும். காணவில்லை என்று தேடும் சந்தா பலருக்கும் இரண்டாவது முகவரியில்தான் கிடக்கிறது. ஐபோனில் அமைப்புகளைத் திறந்து, மேலே உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் வரும். பிளே ஸ்டோரில் இலவசச் சோதனை தொடங்கிய நிமிடமே ரத்து செய்தாலும் சோதனை நாட்கள் முடியும்வரை பயன்படுத்தலாம், ஆகையால் கடைசி நாளுக்குக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. பணம் போய்விட்டதென்றால் பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேட்பது நல்லது. அதற்குமேல் ஆப் நடத்துபவரின் தயவு.

கார்டு வழியாகப் போவதற்கு 2021 அக்டோபர் 1 முதல் அதே 24 மணி நேர முன்னறிவிப்பும், முதல் முறை ஓடிபியும் கட்டாயம். இந்த மாண்டேட்டுகள் உங்கள் வங்கியின் நெட் பேங்கிங்கில் கார்டு பகுதிக்குள் இருக்கும். நிறுவனத்திடம் கெஞ்ச வேண்டியதில்லை, அங்கேயே ரத்து செய்யலாம், அதற்கு வங்கி கட்டணம் வாங்கவும் கூடாது. வெளிநாட்டில் பொருள் வாங்கும் தேவையே இல்லாதவர்கள் டெபிட் கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். பாதித் தலைவலி அங்கேயே போய்விடும்.

கடைசியாக நாச். ஸ்டேட்மென்ட்டில் ஏசிஎச் என்றோ நாச் என்றோ தொடங்கும் வரி. கடன் தவணை, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்ட் தவணை), காப்பீடு இவற்றுக்காக வங்கிகள் தானாகப் பணம் பிடிக்கும் முறை இது; ஆனால் கடன் ஆப்கள் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும் ஹெல்த் கார்டு, கிரெடிட் ஸ்கோர் சேவை போன்றவையும் இதே வழியில் வரும். ஒவ்வொரு மாண்டேட்டுக்கும் யுஎம்ஆர்என் என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 20 இட அடையாளம் உண்டு. அதைச் சொல்லாமல் "அந்த 499 ரூபாயை நிறுத்துங்க" என்றால் கிளையில் எதையும் தேட மாட்டார்கள். நெட் பேங்கிங்கில் இ-மாண்டேட் பகுதியில் எண்ணை எடுத்து, அங்கேயே ரத்து கொடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் கிளையில் எழுதிக் கொடுங்கள். "கம்பெனிகிட்ட போய்க் கேளுங்க" என்று அனுப்பினால், மாண்டேட்டை வங்கியிலேயே திரும்பப் பெறுவது வாடிக்கையாளர் உரிமை என்று சொல்லி, கடிதத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ரத்து கொடுத்த பிறகும் பணம் போனால் உங்கள் கை ஓங்கிவிடும்: ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி அந்தப் பிடித்தத்துக்கு வாடிக்கையாளரின் வங்கியே பொறுப்பு. மறுநாளுக்குள் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய். இந்தச் சுற்றறிக்கையின் தேதியை எழுதிய கடிதத்துக்கும் எழுதாத கடிதத்துக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

ஒரு எச்சரிக்கை. கடன் தவணைக்கான மாண்டேட்டை ரத்து செய்தால் கடன் ரத்தாகாது. தவணை தவறியதாகப் பதிவாகும், அபராதம் ஏறும், சிபில் ஸ்கோர் விழும். காப்பீட்டுக்கும் அப்படித்தான், பாலிசி காலாவதியாகும். கடனோடு ஒட்டிய வேண்டாத சேவை என்றால் தவணையைத் தொடாமல் அந்தச் சேவையின் மாண்டேட் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவணைத் தொகைக்குள்ளேயே கலந்திருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் எழுதுவதே வழி.

நீங்கள் சம்மதமே கொடுக்காத, யாரென்றே தெரியாத பிடித்தம் என்றால் அது சந்தாப் பிரச்சினை இல்லை, மோசடி. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, தவறு உங்கள் மீதும் வங்கி மீதும் இல்லாத நிலையில் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. தாமதிக்கத் தாமதிக்க உங்கள் பங்கு ஏறும். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். முதலில் வரும் எண்ணே திருடனுடையதாக இருந்த கதைகள் ஏராளம். கார்டின் பின்பக்கமோ வங்கி ஆப்புக்குள்ளோ இருக்கும் எண் மட்டும்.

வங்கி பதில் சொல்லவில்லை என்றால் 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், காசு செலவில்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் புகார் போட, வங்கியிடம் முதலில் கொடுத்த புகாரின் எண்ணோ சீல் வைத்த பிரதியோ கட்டாயம். அது இல்லாமல் நேராகப் போனால் தள்ளுபடி. வழக்கறிஞர் மூலமாகப் போட்டாலும் எடுக்க மாட்டார்கள், நீங்களே எழுத வேண்டும். சந்தேகத்துக்கு ரிசர்வ் வங்கியின் 14448-இல் தமிழிலேயே கேட்கலாம். தவறு வங்கியுடையது இல்லை, ரத்து பட்டனை ஒளித்து வைத்த ஆப்புடையது என்றால் ஆம்பட்ஸ்மேன் உதவ மாட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போங்கள். 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று வித்தைகளில் சந்தாப் பொறியும் ஒன்று. ரத்து செய்யும் வழியைச் சுற்றிச் சுற்றி வைப்பது, இலவசச் சோதனைக்கே கட்டண விவரம் கேட்பது இரண்டும் அதில் வரும். புகாரில் அந்தப் பெயரைச் சொல்லியே எழுதுங்கள், ரத்துப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு.

வீட்டில் அப்பா, அம்மா போனில் செய்து வைக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளே ஸ்டோர் அமைப்புகளில் வாங்கும்போது சரிபார்ப்பு என்ற இடத்தில் "ஒவ்வொரு முறையும்" என்று மாற்றி வையுங்கள். பென்ஷன் விழும் கணக்கை யுபிஐயில் இணைக்காமல், மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ மட்டும் போட்டு வைக்கும் இன்னொரு கணக்கை இணைத்துக் கொடுங்கள். பால்காரருக்கும் மளிகைக்கும் அதுவே போதும். அந்த இரண்டாவது கணக்கு மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருக்கட்டும். ஆனால் அடிப்படைக் கணக்கு திறந்தால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது, ஆகையால் பென்ஷன் வராத வங்கியில் திறக்க வேண்டும்.